இமை அழற்சிக்கு வாங்கிய ஒத்தடப் பட்டை

காலையில் எழும்போது இமைகள் ஒட்டிக்கொண்டிருப்பதும், இமை முடிகளின் அடியில் பொடுகு போன்ற செதில்கள் படிந்திருப்பதும், கண்ணுக்குள் மணல் விழுந்ததுபோல் உறுத்துவதும் தூக்கக் குறைவால் வருபவை என்றே பல வாரங்கள் நினைத்திருந்தேன். இது இமை அழற்சி என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் இந்தப் பட்டையை வாங்கினேன்.

உள்ளே சிறு மணிகள் நிறைந்த இப்பட்டையை மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கி, மூடிய கண்கள்மீது வைக்க வேண்டும். வெந்நீரில் நனைத்த துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடுகிறது. இதுவோ 10 நிமிடம் வரை சூடு தாங்குகிறது. இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகளில் கெட்டிப்பட்டிருக்கும் கொழுப்பு இளகுவதற்கு அவ்வளவு நேரம் வேண்டியிருக்கிறது. ஆனால் சூடு சீராகப் பரவுவதில்லை. மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்க்காமல் நான் இதைக் கண்ணில் வைப்பதில்லை.

பெட்டியின்மீது ‘முற்றிலும் குணமாக்கும்’ என்று அச்சிட்டிருப்பது மிகை. இது நாள்பட்ட தொல்லை. ஒத்தடத்திற்குப் பின் இமை ஓரத்தை மெல்லத் துடைப்பதையும் தினமும் தொடர்ந்தால்தான் அடங்கியிருக்கும். கடும் வலி, மங்கும் பார்வை, வெளிச்சத்தைப் பார்க்க இயலாத கூச்சம், காய்ச்சலோடு பரவும் வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் பட்டையை ஒதுக்கிவிட்டு அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்னும் எச்சரிக்கையை, கண் நோயாளிகளுக்கான பொருள் என்பதையே மறந்தவர்போல, தயாரிப்பாளர் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் கடுகளவு எழுத்தில் புதைத்திருக்கிறார்.