காட்பாடிக்கு வந்த பெங்களூரு கேம்பர் வேன்

உள்ளேயே படுத்துத் தூங்கும் வசதியுள்ள கேம்பர் வேன் ஒன்றைப் பழையதாக வாங்கத் தேடியபோது, கொழும்பிலிருக்கும் சித்தப்பா மகன் முதலில் ஒரு பழைய டொயோட்டா ஹயேஸ் வேனைத்தான் காட்டினான். ஆனால் ஓட்டிய வண்டியை வழக்கமான வழியில் இந்தியாவுக்குள் இறக்குமதி செய்ய அது தயாரித்து 3 ஆண்டுக்குள் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகத்தில்தான் இறக்க வேண்டும். சரி, பக்கத்து மாநிலமே போதும் என்று பெங்களூருவில் ஒரு டிராவலர் கேம்பரை வாங்கினோம்.

வாங்கியது அம்மாவுக்காக. சர்க்கரை வியாதிக்காரர், முட்டிவலியும் உண்டு. திருவண்ணாமலைக்குக் கிளம்பினால்கூட வழியில் கழிப்பறைக்கு என்ன செய்வது என்ற பயம்தான் முதலில் வரும். இந்த வேனின் பின்பக்கக் கழிப்பறை ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும். ஏறும் படிதான் உயரம். மடக்குப் படி ஒன்று செய்து பொருத்தினோம்.

பெரிய குறை கூரை. முன்பு வேலை செய்தவர்கள் தகரத்துக்கு அடியில் வெறும் பிளைவுட்டை அடித்து விட்டிருந்தார்கள். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் வேலூருக்கு அது எப்படித் தாங்கும்? பட்டறையில் பிரித்து நடுவே ஃபோம் ஷீட் வைத்த பிறகு, இரவில் கூரை விசிறியே போதுமானதாக இருக்கிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் திணறாமல் ஏறியது. தண்ணீர்த் தொட்டியைப் பாதி நிரப்பிப் போனால் போதும். 100 லிட்டர் என்றால் 100 கிலோ கூடுதல் சுமை.

வண்டியைவிட ஆர்சி புத்தகத்தை நன்றாகப் பாருங்கள். அதில் மோட்டார் கேரவன் என்று பதிவாகியிருக்க வேண்டும். பயணிகள் வேனில் சீட்டைக் கழற்றிக் கட்டில் போட்டு, ஆர்டிஓவில் பதியாமலே விற்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி அது தவறு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். எங்கள் வண்டியில் இது சரியாக இருந்ததால்தான் துணிந்து பணம் கொடுத்தோம்.

ஆனாலும் விற்றவர் பழைய அபராதத்தைக் கட்டாமல் இழுத்தடித்ததில், வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றத் தேவையான தடையில்லாச் சான்று (என்ஓசி) தாமதமானது, அம்மாவின் கோயில் பயணமும் தள்ளிப்போனது. அதனால் அபராதம், வங்கிக் கடன் எல்லாம் தீர்ந்து படிவம் 28, அதாவது அந்த என்ஓசி, கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருப்பதென்றால் தமிழ்நாட்டு எண் வாங்கியாக வேண்டும், இங்கே வரியும் கட்ட வேண்டும். கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கு உள்ளதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

அப்புறம், வண்டி பார்க்கப் போகிறவர்கள் மதிய வெயிலில் போங்கள். கதவை மூடிக் கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.