லெகோ மில்லேனியம் ஃபால்கன் 75192: முதலில் மேசையை அளந்துவிடுங்கள்

2017-இல் வந்த இந்த ஸ்டார் வார்ஸ் திரைப்பட விண்கலத்தின் லெகோ மாதிரியில் 7,541 துண்டுகள். நீளம் 84 செ.மீ., அகலம் 56 செ.மீ.; சாதாரணப் புத்தக அலமாரியில் அடங்காது.

உயிர்நாடி, உள்ளிருக்கும் டெக்னிக் சட்டகம்தான்; துளையுள்ள லெகோ தண்டுகளைச் சிறு இணைப்பு ஊசிகளால் ('பின்') கோத்த எலும்புக்கூடு அது. அங்கே ஒரு 'பின்' முழுதாக உள்ளே போகாவிட்டாலும், பல மணி நேரம் கழித்து மேலோட்டுப் பலகைகள் சேருமிடத்தில் இடைவெளி பல்லிளிக்கும். அப்போது பிரிப்பது பெரும்பாடு. 'டக்'கென்று உட்காரும்வரை அழுத்துங்கள்.

மேலோட்டுப் பலகைகள் கழற்றுவதற்கென்றே லேசாகப் பொருத்தப்பட்டவை. ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும். அடியில் கைவிட்டுச் சட்டகத்தைப் பிடித்து, இருவராகத் தூக்குவதே நல்லது.

பக்கவாட்டுக் குழாய், குமிழ் வேலைப்பாடு அபாரம். தூசிக்கும் அதுவே சொர்க்கம். மென்தூரிகை ஒன்று கட்டாயம். வட்டம், செவ்வகம் என இரு ஆன்டெனாக்கள் உண்டு, வட்டமே எடுப்பு.