பரிணாமத்தை மாணவர்கள் ஏற்கிறார்களா: மேட்டா, ஐ-சீயா?

கல்லூரி மாணவர்கள் பரிணாமத்தை எவ்வளவு ஏற்கிறார்கள் என்று அளக்கப் பலரும் எடுப்பது மேட் (MATE, ‘பரிணாமக் கோட்பாட்டு ஏற்பு அளவை’), ஐ-சீ (I-SEA, ‘மாணவர் பரிணாம ஏற்புப் பட்டியல்’) என்ற இரண்டு வினாத்தாள்களில் ஒன்றைத்தான்.

நீளம்: மேட் (1999) 20 கூற்றுகள். ஐ-சீ (2012) 24. இரண்டிலும் ஐந்து படி விடை: 1 முற்றிலும் மறுப்பு, 5 முற்றிலும் ஏற்பு.

கணக்கு: மேட்டில் 20 முதல் 100 வரை ஒரே மொத்தம். ஐ-சீயில் நுண்பரிணாமம் (ஓர் இனத்துக்குள் நடக்கும் சிறு மாற்றம்), பெரும்பரிணாமம் (புதிய இனங்கள் தோன்றும் அளவிலான மாற்றம்), மனிதப் பரிணாமம் என மூன்று பகுதி, பகுதிக்கு எட்டு.

வித்தியாசம் இந்தப் பிரிப்பில்தான். பாக்டீரியா மருந்தை எதிர்ப்பதை ஒப்புக்கொள்ளும் மாணவர், மனிதனும் குரங்கும் பொது மூதாதையிலிருந்து வந்தவை என்றதும் தயங்கலாம். மேட் இதை ஒரே எண்ணுக்குள் மறைத்துவிடும். போதாததற்கு, பைபிளின் படைப்புக் கதையைக் குறிப்பிடும் கூற்றும் அதில் உண்டு. கிறிஸ்தவர் அல்லாத வகுப்பில் அந்த விடையை வைத்து என்ன முடிவுக்கு வருவது?

பிழை நேரும் இடம்: எதிர்மறைக் கூற்றுகளின் (பரிணாமத்தை மறுக்கும் கூற்றுகளின்) மதிப்பெண்ணைத் திருப்ப மறப்பது. மேட்டில் அவை பத்து. ‘உயிரினங்கள் என்றும் இதே வடிவில்தான் இருந்தன’ என்பதை முற்றிலும் மறுப்பவர் குறித்த 1, 5 ஆக வேண்டும் (6-இலிருந்து கழியுங்கள்). மறந்தால் 100 பெற வேண்டியவர் 60-இல் நிற்பார்; அது ‘குறைந்த ஏற்பு’ வகை.

பழைய மேட் ஆய்வுகளோடு ஒப்பிட வேண்டுமென்றால் மேட். எந்தப் பகுதியில் தயக்கம் என்று பார்த்துக் கற்பிக்க ஐ-சீதான் சரி. புரிதலை இரண்டுமே நேரடியாக அளக்காது. இயற்கைத் தேர்வு பற்றிய அறிவுத் தேர்வைத் தனியாக வையுங்கள்.