மாங்கூழ் ஆலைக்கு ஒரு மரக்கட்டடம்: இரண்டு மழைக்காலங்களுக்குப் பின்

கிருஷ்ணகிரியை அடுத்த காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் குடும்பம் நடத்திவரும் மாங்கூழ் ஆலைக்கு அலுவலகம், பரிசோதனைக் கூடம், தொழிலாளர் உணவறை ஆகிய மூன்றையும் ஒரே கூரையின்கீழ் மரத்தால் கட்டித்தந்தவர்களின் வேலையைப் பற்றிய மதிப்பீடு இது. புதுமனை புகுந்த கையோடு எழுதியிருந்தால் வெறும் புகழ்ச்சியாகவே இருந்திருக்கும் என்பதால், இரண்டு மழைக்காலங்கள் கழியட்டும் என்று காத்திருந்தேன்.

முதலில் அவர்கள் செய்ய மறுத்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். கூழ் எடுக்கும் கூடத்தையும் மரத்திலேயே அமைக்கலாமா என்று சித்தப்பா ஆசையாகக் கேட்டார். பருவம் முழுவதும் நீரும் மாஞ்சாறும் வழிகிற இடத்தில் சுவர் ஈரம் உறிஞ்சாததாகவும் தேய்த்துக் கழுவக்கூடியதாகவும் இருக்க வேண்டும், அங்கே மரம் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கிடைக்கவிருந்த வேலையை வேண்டாம் என்றவர்களிடம் மற்ற வேலையை நம்பி ஒப்படைத்தோம்.

தூண்கள் அனைத்தும் இடித்த பழைய வீடுகளிலிருந்து வந்த, வைரம் பாய்ந்த தேக்கு. பழைய ஆணித் துளைகளை மக்கு வைத்து அடைத்துவிடுமாறு அப்பா சொன்னார். இப்போது ஆலைக்கு வருகிறவர்களுக்கு அவரே அவற்றைத் தொட்டுக் காட்டுகிறார். நீளமான உத்திரங்களுக்குத் தனிக்கட்டை தேடாமல், விவசாயிகள் வரப்போரம் வளர்த்த தேக்கை அறுத்து, உலர்த்தி, பலகைகளாகப் பசையிட்டு அழுத்திச் செய்திருக்கிறார்கள். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். ஒரு கன மீட்டர் தேக்கு சுமார் 650 கிலோ என்றால், 300 கிலோவுக்கு மேற்பட்ட கரிமம் காற்றில் கலக்காமல் எங்கள் தலைக்குமேல் உத்திரமாக நிற்கிறது. மரத்தில் கட்டினால் காடு அழியும் என்ற அச்சம் நமக்கு ஆழமானது. மத்தியப் பொதுப்பணித் துறையே 1993 முதல் தன் கட்டடங்களில் மரத்தைத் தவிர்த்து, 2020இல்தான் அந்தத் தடையை நீக்கியது. காட்டு மரத்துக்கும் வயலில் நட்டு வெட்டும் மரத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள நமக்கும் அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

நெருப்பைப் பற்றி வங்கிக்காரர் முதல் மாமா வரை கேட்காதவர் இல்லை. தடித்த உத்திரத்தின் மேற்பரப்பு எரிந்து கரியானதும் அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசமாகிவிடுவதால், நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே தீ உள்ளே இறங்கும்.

உண்மையான பகை நீரும் கரையானும்தான். தூண் எதுவும் மண்ணைத் தொடவில்லை. ஒன்றரை அடி உயரக் கருங்கல் பீடம், அதன்மேல் இரும்புக் காலணி, கல்லுக்கும் கட்டைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. கரையான் ஏறினால் அதன் மண்புற்று கல்லின்மேல் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை காவலாளி பீடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறார். இதுவரை ஒரு புற்றும் இல்லை.

மேற்குப் பக்கத்தில்தான் கோட்டை விட்டார்கள். மற்ற மூன்று பக்கமும் நான்கடி நீண்டிருக்கும் கூரையை, லாரி திரும்புவதற்காக அங்கே இரண்டடியோடு நிறுத்திவிட்டார்கள். முதல் ஆவணிச் சாரலிலேயே சுவர்ப்பலகைகளின் அடிப்பகுதி சாம்பல் நிறமானது. உணவறைக் கதவு ஊதிப்போய், தோள் கொடுத்துத் தள்ளினால்தான் மூடியது. நான்கு முறை தொலைபேசியில் அழைத்த பிறகே தச்சர் வந்தார். அவர் கதவை இழைத்துவிட்டு, “கதவுமேல குத்தம் இல்லீங்க, மேல கூரைதான் பத்தல” என்றார். கூரையை நீட்டும் செலவைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ள அந்த நிறுவனத்தார் இசைந்தது வரை சரி. முழுவதையும் அவர்கள் ஏற்றிருக்க வேண்டும் என்பதே இன்றும் என் எண்ணம்.

செலவு, காங்கிரீட்டுக்குக் கேட்ட விலைப்புள்ளியைவிடச் சற்று அதிகம். ஆனால் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்திறங்கும் ஜூன் மதியத்தில், முன்பு தகரக் கொட்டகையில் எடைச்சீட்டு எழுதிய கணக்காளர் ஈரத்துண்டைக் கழுத்திலிருந்து எடுத்ததில்லை. மரம், காங்கிரீட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வெப்பத்தையே கடத்தும். அந்தத் துண்டு இப்போது அவர் நாற்காலி முதுகில் காய்ந்துபோய்க் கிடக்கிறது.

அடுத்து டப்பா அடுக்கும் கொட்டகையையும் இவர்களிடமே கொடுக்கிறோம். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில், நான்கு பக்கமும் கூரை நீட்டம் நான்கடி என்று அப்பா தம் கைப்பட எழுதி வைத்திருக்கிறார்.