பூசை அறிவிப்பா, வாட்ஸ்அப்பா, இன்ஸ்டாகிராமா: மாணவர் நிகழ்ச்சிக்கு எது ஆள் சேர்க்கும்?

புதுச்சேரியில் கத்தோலிக்க மாணவர் அமைப்பு நடத்துகிறவர்களுக்கு நிகழ்ச்சிக்குப் பஞ்சமே கிடையாது. கல்லூரி திறந்ததும் முதலாண்டு மாணவர்களுக்கு வரவேற்பு, அக்டோபரில் செபமாலை, டிசம்பரில் கேரல், தவக்காலத்தில் சிலுவைப் பாதையும் ஒருநாள் தியானமும், நடுவில் ஒரு இரத்ததான முகாம். திட்டம் போடும்போது எல்லோருக்கும் உற்சாகம்தான். "சரி, யார் யார் வருவாங்க?" என்று கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

அப்படி ஓர் அமைப்பில் செயலாளராக இருந்த காலத்திலும், இப்போது இளையோர் குழுவுக்குக் கூடமாட உதவும்போதும், ஆள் சேர்க்க பூசை அறிவிப்பு, வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகிய மூன்று வழிகளையும் பயன்படுத்தியிருக்கிறேன். என் ஓட்டு பூசை அறிவிப்புக்கு, அதாவது ஞாயிறு திருப்பலியில் கோயிலில் படிக்கும் அறிவிப்புக்கு. பழங்கால ஆள் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள். பேனர் பற்றிப் பேசவே வேண்டாம். செலவும் உண்டு, தடையும் உண்டு, அதைப் பார்த்து எந்த மாணவரும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

முதலில் இன்ஸ்டாகிராம். பார்க்க அழகு. பாட்டுப் போட்டி, கேரல் மாதிரி நிகழ்ச்சிகளுக்கு ரீல்ஸ் போட்டால் வேறு கல்லூரி மாணவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். தியானத்துக்கு ரீல்ஸ் போட்டால் இதயக்குறி மட்டும்தான் வரும். இதில் வேறொரு தொல்லையும் இருக்கிறது. கணக்கைத் தொடங்கிய சீனியர் படிப்பை முடித்து சென்னைக்கோ துபாய்க்கோ போய்விடுவார், ஓடிபி மட்டும் அவர் எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கும். 90 நாள் பயன்பாடு இல்லாத ப்ரீபெய்டு சிம்மை நிறுவனம் முடக்கிவிடலாம் என்பதால் அந்த எண்ணும் ஒருநாள் போய்விடும். அப்புறம் புது அணி பெயருக்குப் பின்னால் 'அஃபிஷியல்' சேர்த்து இன்னொரு கணக்கு தொடங்கும். அதற்கடுத்த அணி 'நியூ அஃபிஷியல்' என்று தொடங்கும். இன்ஸ்டாகிராம்தான் வேண்டும் என்றால் பொது மின்னஞ்சல் ஒன்றில் தொடங்கி, கடவுச்சொல்லை அமைப்பின் இயக்குநராக இருக்கும் ஃபாதரிடம் எழுதிக் கொடுத்து வையுங்கள்.

வாட்ஸ்அப் அப்படி இல்லை, நிஜமாகவே வேலை செய்யும். ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம், எந்த மாணவர் அமைப்புக்கும் அது தாராளம். இடம் மாறியது, நேரம் மாறியது, மழை வருகிறது என்று சொல்ல இதைவிட நல்ல வழி கிடையாது. 2024 நவம்பர் 30 சனிக்கிழமை ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மறுநாள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும்போது கோயில் மைக்கில் யாருக்கு அறிவிப்பது? வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதுவும் கடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, வாட்ஸ்அப் இல்லாமல் ஒரு நிகழ்ச்சியைத் தள்ளிவைக்க முடியாது.

ஆனால் தள்ளிவைக்க உதவுவது வேறு, வரவைப்பது வேறு. குழுவில் செய்தி போட்டதும் கைகூப்பிய இமோஜி வரிசையாக வரும், 'ஆமென்' வரும், ஏற்கெனவே படிப்பை முடித்துப் போன அண்ணன் 'வாழ்த்துகள்' சொல்வார். அதை நம்பிச் சாப்பாடு சொன்னால் பிரியாணிப் பொட்டலம் மீந்துபோகும்.

ஏன் வருவதில்லை என்று விசாரித்துப் பார்த்தால் சோம்பல் கொஞ்சம்தான் காரணம். நிகழ்ச்சிக்கு வருவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது பல வீடுகளில் மாணவர் இல்லை, அம்மா. ரெட்டிச்சாவடியிலிருந்தோ கிருமாம்பாக்கத்திலிருந்தோ பஸ்ஸில் வந்து போகிற பெண்ணுக்கு, கல்லூரி முடிந்து இரண்டு மணி நேரம் கூடுதலாக டவுனில் இருப்பது என்றால் வீட்டில் பதில் சொல்லியாக வேண்டும். அம்மா கேட்பவை மூன்றே கேள்விகள். எத்தனை மணிக்கு முடியும்? கூட யார் இருப்பாங்க? எப்படி வீட்டுக்கு வருவ? நம் போஸ்டரை எடுத்துப் பாருங்கள். தலைமை, முன்னிலை, சிறப்புரை என்று வரிசையாகப் பெயர்கள், தொடங்கும் நேரம் பெரிய எழுத்தில். முடியும் நேரம் எங்குமே இருக்காது. பிள்ளை அதைச் செல்போனில் காட்டினால் அம்மாவின் ஒரு கேள்விக்குக்கூட அதில் பதில் இல்லை.

அதே செய்தியைப் பங்குத்தந்தை பூசையில் படித்தால் அம்மா நேராகக் கேட்கிறார். பிள்ளை வாங்க வேண்டிய அனுமதியில் பாதி அங்கேயே கிடைத்துவிடுகிறது. நாங்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டு ஏறக்குறைய இப்படி இருக்கும்: "வருகிற சனிக்கிழமை மதியம் 2 மணி முதல் 5 மணி வரை கல்லூரி மாணவ மாணவியருக்கான தவக்காலத் தியானம் பங்கு மண்டபத்தில் நடைபெறும். அருட்சகோதரிகள் உடன் இருப்பார்கள். பெற்றோரும் வரலாம்." எந்தப் பெற்றோரும் வரப்போவதில்லை. வரலாம் என்று சொன்னதே போதும்.

இங்கே நமக்கு ஒரு வசதியும் உண்டு. புதுவையும் கடலூரும் ஆட்சி எல்லையில் தனித்தனி, திருச்சபைக் கணக்கில் ஒரே பேராயரின் கீழ் வரும் ஒரே உயர்மறைமாவட்டம். அதனால் அமைப்பின் இயக்குநர் கையெழுத்துப் போட்ட கடிதம் அரியாங்குப்பத்திலும் செல்லும், மஞ்சக்குப்பத்திலும் செல்லும். மாணவர்கள் எந்தெந்தப் பங்கிலிருந்து வருகிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுத்து, அந்தப் பங்குகளுக்கெல்லாம் அதே சீட்டை அனுப்பிவிடலாம்.

சீட்டு கொடுத்தால் வேலை முடிந்தது என்றும் இருக்க முடியாது. அறிவிப்பு படிப்பது நன்மை (நற்கருணை) வாங்கிய பிறகு, கடைசி ஆசீருக்கு முன். திருமண ஓலை (யாருக்கு யாரோடு கல்யாணம் என்ற அறிவிப்பு), அன்பியம் என்கிற அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் கூட்டம், யார் யாருக்காகப் பூசை என்ற பூசைக் கருத்துகள் எல்லாம் முடிந்து கடைசியாக நம் செய்தி வந்தால், அதற்குள் வெளியே பைக் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்கும். சனிக்கிழமை மாலைக்குள் சீட்டைக் கொடுத்து, முதல் இரண்டு அறிவிப்புகளுக்குள் படிக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று வரிக்கு மேல் எழுதினால் ஃபாதரே சுருக்கிவிடுவார், சுருக்கும்போது அடிபடுவது முடியும் நேரம்தான். ஒரு ஞாயிறு போதாது, இரண்டு ஞாயிறு படிக்க வேண்டும். ஆகஸ்ட் கடைசி ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். ஊரில் பாதிப் பேர் வேளாங்கண்ணி நடைபயணத்தில் இருப்பார்கள், மீதிப் பேர் அவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஏழைகளுக்கு உதவும், பங்கில் இருக்கும் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். 1833-ல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் தன் நண்பர்களோடு தொடங்கிய சபை அது. நம் பங்குகளில் இன்று பெரும்பாலும் தலை நரைத்த பெரியவர்கள்தான் இருக்கிறார்கள் என்பது வேறு கதை. ஆனால் வீடு வீடாகப் போகிறவர்கள் அவர்கள். எந்த வீட்டில் கல்லூரிப் பிள்ளை இருக்கிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி.

இவ்வளவும் வீட்டிலிருந்து வந்து போகிற பிள்ளைகளுக்குப் பொருந்தும். காலாப்பட்டில் பல்கலைக்கழக விடுதியிலோ ஜிப்மரிலோ தங்கிப் படிக்கிற கேரள, கோவா, வடகிழக்கு மாநிலப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பூசை அறிவிப்பு எட்டாது, அவர்கள் அம்மாவும் இங்கே இல்லை. அங்கே வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும்தான் முந்தும் என்று நினைக்கிறேன். அந்த விடுதிகளில் எனக்குப் பழக்கம் குறைவு, அடித்துச் சொல்ல மாட்டேன். 1924-லிருந்து இருக்கிற ஐக்கஃப் (அகில இந்திய கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பு) மாதிரி, கல்லூரிக் கிளையை அடிப்படையாகக் கொண்ட அமைப்புகளுக்கும் கணக்கு கொஞ்சம் மாறும். வகுப்புக்கு ஒரு பொறுப்பாளர் இருந்தால் பாதி வேலை கல்லூரிக்குள்ளேயே முடிந்துவிடும்.

இரவு தங்கும் முகாம் என்றால் பூசை அறிவிப்பும் போதாது. சிஸ்டர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே போய், கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். அதிலும் அப்பா வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள், இல்லாவிட்டால் "அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்பதோடு திரும்பி வர வேண்டியதுதான்.