குடியை நிறுத்த ஓ.பி. போதுமா, வார்டில் சேர்க்க வேண்டுமா?

அண்ணனின் குடிக்குச் சிகிச்சை தேடியபோது மூன்று வழிகள் இருந்தன: ஓ.பி.யில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே இருப்பது, மருத்துவமனை வார்டில் சில நாள் படுப்பது, மாதக்கணக்கில் மறுவாழ்வு மையத்தில் தங்குவது. நாங்கள் வார்டில் சேர்த்தோம். பல வருடக் குடி என்றால், யார் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வேன்.

செலவு, லீவு கணக்கெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முடிவு செய்ய வேண்டிய கேள்வி வேறு: குடியை நிறுத்தினால் அவர் உடம்பு தாங்குமா?

காலையில் கை நடுங்கி, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் டம்ளரைப் பிடிக்க முடிகிறது என்றால் ஓ.பி.யை நம்பாதீர்கள். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் பேச்சே இல்லை, வார்டுதான். கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் பிதற்றல், காய்ச்சல், இல்லாதது கண்ணில் தெரிவது எல்லாம் வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போய்விடும். வார்டில் ஒரு ராத்திரி அண்ணன், எறும்பு ஊர்கிறது என்று போர்வையைத் தட்டிக்கொண்டே இருந்தார். டியூட்டி டாக்டர் நாடியும் பிரஷரும் பார்த்து மாத்திரை அளவைக் கூட்டினார். குளுக்கோஸ் ஏற்றும் முன் பி1 வைட்டமின் ஊசி போட்டார்கள். சத்துக் குறைந்த உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம். இதையெல்லாம் அண்ணி வீட்டில் தனியாகப் பார்த்திருக்க முடியாது.

நடுக்கமே இல்லாதவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பும் வந்ததில்லை, வீட்டில் துணைக்கு ஆள் உண்டு என்றால் ஓ.பி. தாராளமாகப் போதும்.

வார்டுக்குப் போய் வந்தும் திரும்பத் திரும்பக் குடிக்கிறவருக்கு மறுவாழ்வு மையம் உதவலாம். நாங்கள் அங்கே சேர்க்கவில்லை, அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன்படி பதிவு செய்த இடமா, ராத்திரி வலிப்பு வந்தால் டாக்டர் இருப்பாரா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. போதை மீட்பு மருத்துவமனையில் குடும்பத்தாருக்கும் ஆலோசனை தருகிறார்கள். போதை மீட்புக்கான 14446 என்ற இலவச உதவி எண்ணிலும் விசாரிக்கலாம்.

வார்டிலிருந்து வந்த பிறகு ஓ.பி.யை விடக் கூடாது. எங்களுக்கு டைசல்ஃபிரம் எழுதினார்கள்; குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்து குடியைத் தடுக்கும் மாத்திரை அது. அண்ணன் விவரம் தெரிந்து, சம்மதித்து, அண்ணி கண்முன் போட்டுக்கொள்கிறார். அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கச் சொல்லிச் சொந்தக்காரர்கள் யோசனை தருவார்கள், கேட்காதீர்கள். அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.