9,200 டாலர் போச்சு: பி.ஆர்.க்கு "50 பாயின்ட் வாங்கித் தர்றேன்"னு சொல்றவங்களை நம்பாதீங்க

ரெண்டு நாளா தூக்கமில்லை. கோபத்தில் எழுதுறேன், முன்னபின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. கனடாவில் படிச்சு முடிச்சு ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறவங்க, முக்கியமா பி.ஆர்.க்கு (நிரந்தரமா இங்கேயே தங்குற அனுமதிக்கு) ஸ்கோர் கொஞ்சம் குறைவா இருக்கிறவங்க, இதைப் படிங்க. நடந்ததைச் சொல்லிட்டு, கடைசியில் என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதுறேன்.

டொராண்டோ பக்கம் ஒரு சின்ன இமிக்ரேஷன் ஆபீஸ். பேரைப் போட மாட்டேன், போட்டா கேஸ் போடுவோம்னு ஏற்கெனவே சொல்லிட்டாங்க.

பி.ஆர்.க்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரின்னு ஒரு அரசு முறை. அதில் ப்ரொஃபைல் போட்டா வயசு, படிப்பு, அனுபவத்தைப் பார்த்து சி.ஆர்.எஸ்.னு ஒரு ஸ்கோர் வரும். அப்பப்போ டிரா நடத்தி, கட்-ஆஃபைத் தொட்டவங்களுக்கு விண்ணப்பம் போட அழைப்பு அனுப்புவாங்க. என் ஸ்கோர் 473. 2025 பிப்ரவரி 5 டிராவில் கனடா அனுபவப் பிரிவுக்கு (இங்கே வேலை பார்த்தவங்களுக்கு) கட்-ஆஃப் 521. வெறும் 48 பாயின்ட்! ஜூலையில் எனக்கு 30 வயசு ஆகுது, ஆனதும் ஸ்கோரில் இன்னொரு 5 போகும். இந்தப் படிப்புக்குக் கிடைக்கிற ஒர்க் பெர்மிட்டோ வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அது வேற அக்டோபரில் முடியுது. இந்தக் கணக்கைத் தினமும் போட்டுட்டிருந்தவன் கண்ணுக்கு அந்த ஆபீஸ் கோயில் மாதிரி தெரிஞ்சுது.

அங்கே கன்சல்டன்ட்னு உட்கார்ந்திருந்த அண்ணன் முதல் தடவை பணத்தைப் பத்தி வாயே திறக்கலை. டீ கொடுத்தார். என் ப்ரொஃபைலைப் பார்த்துட்டு, "தம்பி, முழுநேரமா படிக்கும்போது பார்த்த வேலையை அனுபவத்தில் காட்டியிருக்கீங்க. அது சேராது, எடுத்துடுங்க. படிப்பு முடிச்ச பிறகு பார்த்த 1,560 மணி நேரம்தான் கணக்கு"ன்னார். வீட்டுக்கு வந்து அரசு இணையதளத்தில் பார்த்தேன். அவர் சொன்னது அச்சு அசல் சரி. அதுக்கு ஒரு காசு வாங்கலை. "இன்னைக்கே முடிவு பண்ணாதீங்க, யோசிச்சு வாங்க. வெளியே நிறைய ஃப்ராடு இருக்கான்"னு வேற சொல்லி அனுப்பினார். அங்கேதான் விழுந்தேன். பொய் சொல்லி ஏமாத்தியிருந்தா தப்பிச்சிருப்பேன்.

ரெண்டாவது தடவை போனப்போதான் விஷயத்துக்கு வந்தார். ஒரு கம்பெனி எல்.எம்.ஐ.ஏ.வோட (வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க முதலாளி அரசுகிட்ட வாங்குற ஒப்புதல்) வேலை கொடுத்தா 50 பாயின்ட். 473-ம் 50-ம் 523. "இந்த 50-ஐ வசந்த காலத்தில் எடுக்கப் போறாங்க. அதுக்கு முன்னாடி ப்ரொஃபைலில் ஏத்திட்டா உங்களுக்குப் பழைய விதிதான்"ன்னார்.

பழைய விதியாம்! பாயின்ட்டை எடுக்கப் போறோம்னு 2024 டிசம்பரிலேயே அரசு அறிவிச்சாச்சு. 2025 மார்ச் 25 அன்னைக்கு எடுத்தாங்க. ஏற்கெனவே வரிசையில் இருந்தவங்களுக்கும் சேர்த்தே போச்சு. அழைப்பு வாங்கினவங்களும் விண்ணப்பம் போட்டவங்களும் மட்டும்தான் தப்பிச்சாங்க. எனக்கு அழைப்பு வரவே வழியில்லை. பிப்ரவரி 5-க்கு அப்புறம் மார்ச் 25 வரைக்கும் நடந்த டிரா எல்லாம் மாகாண நாமினேஷன் (ஒரு மாகாண அரசோட பரிந்துரை) வாங்கினவங்களுக்கும் பிரெஞ்சு தெரிஞ்சவங்களுக்கும்தான்.

ஃபைலுக்கு 1,200, வேலைக்கடிதத்துக்கு 8,000. மொத்தம் 9,200 டாலர். மூணு தவணையா இ-டிரான்ஸ்ஃபர், ஆபீஸ் பேருக்கு இல்லை, யாரோ ஒரு தனி ஆள் பேருக்கு. இங்கே ஒண்ணு ஒத்துக்கணும். எல்.எம்.ஐ.ஏ.க்கு அரசுக் கட்டணம் 1,000 டாலர், அதை முதலாளிதான் கட்டணும், வேலைக்கு வர்றவன்கிட்ட வாங்கவே கூடாது. இது எனக்கு அப்பவே அரைகுறையா தெரியும். "எல்லாரும் பண்றதுதானே"ன்னு என்னை நானே சமாதானப்படுத்திக்கிட்டேன். பாஸ்வேர்டு கேட்டார், கொடுத்தேன். அவரே உள்ளே போய் அந்த வேலையை ஏத்தினார். ஸ்கோர் 523 ஆனதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

மார்ச் 25-க்கு அப்புறம் மறுபடி 473.

போன் பண்ணினேன். "சிஸ்டம் அப்டேட் தம்பி, சரியாகிடும்." அடுத்த வாரம் "சார் மீட்டிங்கில் இருக்கார்." அதுக்கடுத்து "ஊருக்குப் போயிருக்கார்." நேரில் போனா உள் அறையில் அவர் குரல் கேட்குது, முன்னாடி உட்கார்ந்திருந்த பொண்ணு என் முகத்தைப் பார்க்காம "அண்ணா இல்லீங்க"ங்குது! கடிதத்தில் இருந்த கம்பெனிக்குப் போன் போட்டேன். அவங்க என் பேரையே கேள்விப்பட்டதில்லையாம். அப்போதான் வயிறு கலங்குச்சு. இதை வெச்சு விண்ணப்பம் போட்டிருந்தா பொய்த் தகவல்னு 5 வருஷத் தடை, பி.ஆர். பக்கமே தலைவெச்சுப் படுக்க முடியாது.

9,200-ஐத் திருப்பிக் கேட்டதுக்கு ஒரு தாளை நீட்டினாங்க. என் கையெழுத்துதான். "ஆலோசனைக் கட்டணம், திரும்பத் தரப்படாது." புகார் கொடுப்பேன்னேன். கடைசியா ஒருவழியா வெளியே வந்த அண்ணன் சிரிச்சுட்டே சொன்னார்: "கொடுங்க தம்பி. காசு கொடுத்து வேலை வாங்கினது யாருன்னு கேட்பாங்க, சொல்லுங்க."

சுவரில் மாட்டியிருந்த லைசென்ஸை அன்னைக்குத்தான் முதல் தடவையா படிச்சேன். வேற யார் பேரோ. "அது என் பார்ட்னர்"னார்.

மோசடி தடுப்பு மையத்தில் புகார் போட்டாச்சு. போலீஸிலும் கொடுத்தாச்சு. பணம் வரும்னு யாரும் சொல்லலை.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், ஷிஃப்டுக்கு நேரமாச்சு. சுருக்கமா: காசு வாங்கி பி.ஆர். வேலை பார்க்க வக்கீலுக்கும் லைசென்ஸ் உள்ள கன்சல்டன்ட்டுக்கும் அந்த மாதிரி அனுமதி உள்ளவங்களுக்கும்தான் உரிமை. கன்சல்டன்ட்டுகளுக்கு லைசென்ஸ் கொடுக்கிற அமைப்போட (பேர்தான் "காலேஜ்", படிக்கிற இடம் இல்லை) இணையதளத்தில் பேரைத் தட்டினா ரெண்டு நிமிஷத்தில் தெரியும், எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளோட பேரைத் தட்டுங்க, சுவரில் இருக்கிற பேரை இல்லை. உங்க சார்பா வேலை பார்க்கிறது இவர்தான்னு அரசுக்குச் சொல்ற பிரதிநிதி படிவத்தில் அந்த ஆள் கையெழுத்துப் போட மறுத்து "நீங்களே போட்ட மாதிரி இருக்கட்டும்"னா எழுந்து வந்துடுங்க. எக்ஸ்பிரஸ் என்ட்ரி ப்ரொஃபைல் போட அரசு ஒரு காசு வாங்கிறதில்லை. வேலைக்கடிதத்துக்கு 50 பாயின்ட்னு இன்னும் எவனாவது விற்றா அந்தப் பாயின்ட்டே இப்போ கிடையாது.

பாஸ்வேர்டை யாருக்கும் தராதீங்க. நான் நேத்து மாத்தினேன், அந்த வேலையையும் ப்ரொஃபைலிலிருந்து எடுத்தேன். நான் எத்தனை தடவை அடிச்சாலும் எடுக்காத அந்த நம்பரிலிருந்து ராத்திரியே போன் வந்துச்சு: "என்ன தம்பி, உள்ளே போக முடியலையே, மாத்திட்டீங்களா?"